மடி இங்கிலீஷ்

ஒரு எலுமிச்சம்பழம் எங்கள் குடும்பத்தைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டது. போன வாரம் இந்தப் பத்தி வராததற்கு அதுதான் காரணம். ஜுரமா, ஊரில் இல்லையா, எடிட்டரோடு சண்டையா என்று விசாரித்து எழுதிய வாசகர்களுக்கு நமஸ்காரம். ஜுரம் இல்லை. ஊரில்தான் இருந்தேன். எடிட்டரோடு சண்டை எப்போதும் உள்ளதுதான். எலுமிச்சம்பழம்தான் புதிது.

மைசூரிலிருந்து எழுதுகிறாயே, மல்லிகையைப் பற்றி எழுது, சந்தனத்தைப் பற்றி எழுது, தசரா யானையைப் பற்றி எழுது என்று கேட்கிறவர்கள் இந்த வாரமும் மன்னிக்க வேண்டும். யானை வரும். ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் வராது.

முதலில் என் அகத்துக்காரர். பழைய வாசகர்களுக்கு அவரைத் தெரியும். பாவம், அவருக்குத்தான் தான் இத்தனை பேருக்குத் தெரிந்தவர் என்பது தெரியாது. புதியவர்களுக்காகச் சொல்கிறேன். சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் ஹெட் குமாஸ்தா. மேல்கோட்டை ஐயங்கார். நெற்றியில் திருமண், தலையில் சரிகைப் பேட்டா என்கிற மைசூர்த் தலைப்பாகை, நாக்கில் இங்கிலீஷ் பழமொழி.

கடைசியில் சொன்னது வியாதி. அவருக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைக்காதீர்கள். மைசூரில் பேட்டா கட்டிய அத்தனை பேருக்கும் இருக்கிறது. லீவு கேட்டால் மேலதிகாரி ஒரு பழமொழி சொல்வார். பிரமோஷன் கேட்டால் இரண்டு சொல்வார். கஜானாவிலிருந்து தம்பிடி செலவில்லாமல் ஒரு மனிதனைச் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு அனுப்ப இதைவிட நல்ல வழி உண்டா? இவரும் அதை வாங்கிக்கொண்டு ஏதோ மகாராஜா கையால் சால்வை வாங்கிய மாதிரி வீட்டுக்கு வருவார். "துரை இன்னிக்கு என்ன அழகா ஒண்ணு சொன்னார் தெரியுமோ?" தெரியும். பிரமோஷன் இல்லை என்று சொன்னார்.

சரி, அதுவாவது போகட்டும். ஆனால் இந்த இங்கிலீஷ்காரர்களின் ஞானம் இருக்கிறதே… அதை என்றைக்காவது கவனித்துப் பார்த்திருக்கிறீர்களா? எல்லாம் சாப்பாடு! ஒன்றில் முட்டை, ஒன்றில் கோழி, ஒன்றில் வாத்து, ஒன்றில் பன்றி. அவர்கள் ஊர் ஞானிகள் காட்டுக்குப் போய்த் தவம் பண்ணவில்லை, நேராகச் சமையலறைக்குப் போய் அலமாரியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள்.

இங்கேதான் என் அகத்துக்காரருக்குத் தர்மசங்கடம். ஞானம் வேண்டும், முட்டை வேண்டாம். என்ன செய்வது? மற்றவர்களாக இருந்தால் இரண்டில் ஒன்றை விட்டிருப்பார்கள். ஹெட் குமாஸ்தாவாயிற்றே, விடுவாரா? இங்கிலீஷையே குளிப்பாட்டி மடி கட்டிவிட்டார்.

அது எப்படி என்றால், எங்கள் அகத்தில் அவருடைய தங்கை வேதவல்லி இருந்தாள். வேதா. கல்யாணமான மூன்றாம் வருஷம் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு எங்களிடம் வந்தவள். வந்த நாள் முதல் சமையல் அவளுடையது. விடிகாலையில் குளித்து, ஒருவர் கையும் படாமல் உலர்த்திய புடவையை உடுத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனால், பெருமாளுக்கு நைவேத்தியம் கண்டருளப் பண்ணி எல்லாரும் சாப்பிட்டு முடிகிற வரை மடி. யாரையும் தொடமாட்டாள், எதையும் தொடமாட்டாள். முக்கியமாக, இவருடைய பழமொழிப் புஸ்தகத்தைத் தொடமாட்டாள். மெட்ராஸில் பழைய புஸ்தகக் கடையில் வாங்கியது. கனமான அட்டை. அந்த அட்டை தோல். எந்த ஜீவனுடைய தோல் என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஆனால் வேதாவுக்குப் படிப்பு என்றால் உயிர். என் பெண்களின் பழைய ரீடர்களை மத்தியானத்தில் எடுத்து வைத்துக்கொண்டு தானாகவே படித்தாள். அண்ணாவும் லேசுப்பட்டவர் இல்லை. பெண்கள் படிக்க வேண்டும் என்கிற கட்சி. அந்த ரீடரில் E என்ற எழுத்துக்கு எதிரே ஒரு வெள்ளை முட்டைப் படம் இருந்தது. அதன் மேல் தீப்பெட்டியிலிருந்து ஒரு யானைப் படத்தைக் கிழித்து ஒட்டிக் கொடுத்தார். யானைக்கும் E தானே! (யானை வந்துவிட்டது, பாருங்கள்.) அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி, "எழுத்தும் கெடலை, ஆசாரமும் கெடலை" என்று அவர் பட்ட பெருமை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பழமொழிப் பாடம் காலையில் நடக்கும். இவர் ஆபீஸுக்கு உடுத்திக்கொண்டே முன் அறையிலிருந்து உரக்கப் படிப்பார். வேதா அடுப்படியில் கரண்டியைப் பிடித்தபடி திரும்பச் சொல்வாள். புஸ்தகம் அங்கே, காது இங்கே. நடுவில் இருந்த ரேழியில்தான் அத்தனை அக்கிரமமும் நடந்தது. முட்டை ரேழியைத் தாண்டும்போது எலுமிச்சம்பழம் ஆயிற்று. சாக்குப்பைக்குள் இருந்த ஏதோ ஒரு ஜீவன் பூசணிக்காய் ஆயிற்று. விடியற்காலையில் புழுவைத் தேடிப் போன பட்சிக்கு அரிசிமணி கிடைத்தது. செத்த குதிரை ஒன்று வரும். தீட்டு ஆயிற்றே, அதை உயிர்ப்பித்துத் தூங்க வைத்துவிட்டார்.

வேதா அத்தனையையும் மனப்பாடம் பண்ணினாள். உச்சரிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மேல்கோட்டையில் அகத்துக்காரருடைய தமையனார், என் பெரிய மைத்துனர், இருக்கிறார். பெரிய வீடு, பெரிய குடும்பம், அதைவிடப் பெரிய குரல். பங்குனி பிறக்கப் போகிற சமயத்தில் அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. சமையல்காரர் ஓடிவிட்டாராம். பெருமாள் உற்சவமான வைரமுடி சேவைக்கு ஊரே திரண்டு வரும், தம் அகத்தில் பந்தி பந்தியாகச் சாப்பாடு போடவேண்டும், ஆகையால் வேதாவை அழைத்துப் போக வெள்ளிக்கிழமை வருகிறாராம். வைரமுடிக்கு மட்டும் என்றால் ஒன்றும் இல்லை. அடியில் ஒரு வரி: "அவள் இனிமேல் இங்கேயே இருந்துவிடலாம்."

என்ன தாராளம் பாருங்கள்! சம்பளம் கேட்காத, லீவு கேட்காத, ஓடிப்போகாத சமையல்காரி. இருந்துவிடலாமாம்!

வேதா கார்டைப் படித்தாள். அன்று முழுக்க அடுப்படியில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. சாயங்காலம் என்னிடம் வந்து நின்றாள்.

"மன்னி, நஞ்சன்கூட்டுல பெண்கள் ஸ்கூல்ல இங்கிலீஷ் டீச்சருக்குக் கல்யாணம் ஆயிடுத்தாம். பரீட்சை வரது, ஆள் இல்லையாம். பால்காரி சொன்னா."

"அதுக்கு?"

"நான் கேட்டுப் பாக்கட்டுமா?"

சமையலுக்கு யார் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன் என்பதை மறைக்கவில்லை. அடுத்த நிமிஷம் கார்டிலிருந்து மைத்துனருடைய குரல் காதில் விழுகிற மாதிரி இருந்தது. "எழுதிப் போடுடி" என்றேன். அகத்துக்காரரும் சரி என்றார். தான் படிப்பித்த இங்கிலீஷ் சபை ஏறப்போகிறது என்றால் கசக்குமா?

ஸ்கூல் கமிட்டியின் காரியதரிசி, மைசூரிலேயே லக்ஷ்மிபுரத்தில் இருக்கும் ஒரு மாத்வ ராயர். அவர் வீட்டிலேயே இண்டர்வியூ. செவ்வாய்க்கிழமை நானும் வேதாவும் ஜட்காவில் போனோம். ஹாலில் ராயர் ஒரு நாற்காலியில். பக்கத்தில் இன்னொரு நாற்காலியில் ஒரு வயசான துரைசானி. இங்கேயே வாத்தியாராக இருந்து ரிடயரானவள். கமிட்டி கௌரவமாகத் தெரிய வேண்டும் என்று சேர்த்திருப்பார்கள் போல. மடியில் குடை. எங்களுக்கு ஜமக்காளம்.

எனக்கு இங்கிலீஷ் பேச வராது. ஆனால் திட்டினால் புரிகிற அளவுக்குத் தெரியும். ஆகையால் நடந்தது அத்தனையும் எனக்குப் புரிந்தது.

வேதா வாசித்துக் காட்டினாள், நன்றாக வாசித்தாள். இலக்கணம் கேட்டார்கள், சொன்னாள். துரைசானி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். வேலை கிடைத்துவிட்டது என்று நான் மனசுக்குள் பெருமாளுக்கு அக்காரவடிசல் வேண்டிக்கொண்டேன். அப்போது ராயருக்கு அந்த வியாதி வந்தது.

"குழந்தைகளுக்குச் சொல்ற மாதிரி ஒரு பழமொழி சொல்லி, அர்த்தமும் சொல்லம்மா."

வேதாவின் முகம் மலர்ந்தது. எல்லாவற்றையும் ஒரே கூடையில் வைக்காதே என்று ஒன்று இருக்கிறதே, அதை எடுத்துக்கொண்டாள். கணீரென்று சொன்னாள். கூடை இருந்தது. கூடைக்குள் எலுமிச்சம்பழமும் இருந்தது.

துரைசானியின் குடை கீழே விழுந்தது. "லெமன்ஸ்?" என்றாள்.

"தப்பு, தப்பு!" என்று ராயர் குதித்தார். "நிம்பேஹண்ணு இல்லேம்மா! யார் உனக்கு இப்படித் தப்பும் தவறுமாச் சொல்லிக் கொடுத்தது? அது தேங்காய்!"

துரைசானி மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள். "கோகோனட்ஸ், மிஸ்டர் ராவ்?"

"எங்கப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்தது, மேடம். நான் எத்தனையோ கூட்டத்திலே பேசியிருக்கேன். போன கலெக்டர் துரைக்கு வழியனுப்பு விழாவிலே இதைத்தான் சொன்னேன். துரை கண்ணிலே தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சு ரசிச்சார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். ஆக, எங்கள் அகத்து ரேழியில் மட்டும் இது நடக்கவில்லை. ஊரில் எத்தனை ரேழிகளோ, எத்தனை தகப்பனார்களோ! ஐயங்கார் வீட்டில் எலுமிச்சம்பழம், மாத்வர் வீட்டில் தேங்காய். ஸ்மார்த்தர்கள் வீட்டில் என்ன வைத்திருக்கிறார்களோ, தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

"எக்ஸ்," என்றாள் துரைசானி. "எக்ஸ், மிஸ்டர் ராவ். எப்போதும் எக்ஸ்தான்."

"மொட்டேயா?" என்றார் ராயர், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற குரலில். கன்னடத்தில் முட்டைக்கு மொட்டே என்று பேர். பேட்டாவைக் கழற்றி வைத்திருந்த ராயருடைய வழுக்கைத் தலையைப் பார்த்துக்கொண்டே அந்த வார்த்தையைக் கேட்டுச் சிரிக்காமல் இருந்தேன். அதற்கு எனக்குத் தனியாக ஒரு மெடல் தர வேண்டும்.

ஆனாலும் ராயர் காரியதரிசி ஆயிற்றே, சுதாரித்துக்கொண்டார். "ஹோகலி, போகட்டும். நம்ம ஸ்கூல்லே எல்லாம் ஆசாரமான வீட்டுக் குழந்தைகள். மொட்டே, கிட்டே எல்லாம் வேண்டாம். தேங்காய்ன்னே சொல்லிக் கொடும்மா. சரின்னு சொன்னா இன்னிக்கே ஆர்டர் எழுதிடறேன்."

பார்த்தீர்களா? வேலை கைக்கு வந்துவிட்டது. ஒரு தேங்காய்! ஒரே ஒரு தேங்காய் சொன்னால் போதும். மேல்கோட்டை இல்லை, பந்தி இல்லை, பெரிய குரல் இல்லை. நான் பின்னாலிருந்து அவள் இடுப்பில் கிள்ளினேன். சொல்லுடி, சொல்லு!

வேதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காது சிவந்திருந்தது. அண்ணா என்ன பண்ணியிருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியிருக்கிறது. அது விளங்குகிற நேரத்தில் பக்கத்தில் இருந்து பார்ப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பிறகு நிமிர்ந்தாள். இங்கிலீஷில்தான் சொன்னாள். நான் நம் பாஷையில் சொல்கிறேன்.

"எலுமிச்சம்பழம்னா கூடை கீழே விழுந்தாலும் பொறுக்கிக்கலாம். ஒண்ணும் ஆகாது. இதுக்குப் போய் வெள்ளைக்காரா ஏன் இப்படிப் பயப்படறான்னு எனக்கு இத்தனை வருஷமாப் புரியலை. தேங்காய் உடைஞ்சா நல்ல சகுனம். அதுக்கும் யாரும் பயப்பட மாட்டா. முட்டைன்னாதான் உடைஞ்சா போச்சு. அப்பதான் அர்த்தம் வரது. முட்டைன்னுதான் சொல்லிக் கொடுப்பேன்."

முட்டை! ஒரு தரம் இல்லை, இரண்டு தரம்! ஐயங்கார் அகத்து விதவை, கூடியிருந்த சபையில்! ராயருடைய சம்சாரம் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். துரைசானி குனிந்து குடையை எடுத்துக்கொண்டாள். ராயர் மட்டும், "சொல்லி அனுப்பறோம்" என்றார். அந்த இரண்டு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எந்தப் பாஷைக்காரரைக் கேட்டாலும் சொல்வார்.

ஜட்காவில் நான் பொறுமையை இழந்தேன். "ஏண்டி, ஒரு தேங்காயைச் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதோ? வெள்ளிக்கிழமை வந்து நிக்கப் போறாரே பெரியவர்! அப்ப முட்டை வந்து காப்பாத்துமோ?"

வேதா வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள். "மன்னி, ரேழியில அண்ணா சொல்றதையெல்லாம் திரும்பச் சொல்வேனே, பாதிக்கு அர்த்தமே வராது. கேட்டா, 'யோசி, புரியும்'பார். யோசிப்பேன். புரியாது. சாக்குக்குள்ள பாக்காம பூசணிக்காய் வாங்கினா என்ன கெட்டுப்போயிடும்? நான்தான் மக்குன்னு நெனச்சுண்டேன். எனக்கு அறிவு பத்தலைன்னு எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமோ? அந்தக் குழந்தைகளும் இப்படி அழணுமா?"

பக்கத்தில்தானே இருந்தேன், அடுப்புப் புகையில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள் என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தேன்!

சாயங்காலம் அகத்துக்காரர் வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். பாதியிலேயே காதைப் பொத்திக்கொண்டார்.

"சபையிலயா? சபையிலயா அந்த வார்த்தையைச் சொன்னே?"

"எந்த வார்த்தை, அண்ணா?" என்றாள் வேதா.

"அதான்…"

"முட்டையா?"

"மறுபடியும் சொல்றாளே! போ, போய் ஸ்நானம் பண்ணு!"

"பண்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. எனக்கு நீதான் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தே. ஊர்ல எந்த அண்ணா பண்ணினான்? சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா ஒரு வார்த்தை காதுல விழுந்தா நான் கெட்டுப்போயிடுவேன்னு நெனச்சயே… அவ்வளவுதானா என் மேல இருந்த நம்பிக்கை?"

அவர் வாயைத் திறந்தார். எந்தச் சந்தர்ப்பத்துக்கும் ஒரு பழமொழி வைத்திருக்கும் மனிதர், மேலே பார்த்தார், கீழே பார்த்தார். ஒன்றும் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வேதா குளிக்கப் போனாள். கிணற்றடியில் ரொம்ப நேரம் தண்ணீர் இறைக்கிற சத்தம் கேட்டது. அழுதாளோ என்னமோ, நான் போய்ப் பார்க்கவில்லை.

புதன்கிழமை ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை காலையில் வேதா தன் இரண்டு புடவைகளையும் மடித்து ட்ரங்கில் வைத்தாள். மேல்கோட்டைக்குத்தான். அகத்துக்காரர் ஆபீஸுக்குப் போகாமல் முன் அறையிலேயே உட்கார்ந்திருந்தார். புஸ்தகத்தை எடுக்கவில்லை.

அப்போது வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. இறங்கியவர் ராயர். பேட்டா, மேல் வேஷ்டி, எல்லாம் பலமாக இருந்தது. முகம் மட்டும் சரியாக இல்லை.

"ஐயங்காரே, உங்க தங்கை திங்கட்கிழமை வேலையிலே சேரலாம். துரைசானி இந்தப் பெண்ணைத் தவிர வேறே யாரையும் ஒத்துக்க மாட்டேங்கறா. நானும் யோசிச்சேன். அந்த வார்த்தையை இங்கிலீஷ்லே மட்டும் சொல்லட்டும். கன்னடத்திலே சொல்ல வேண்டாம், தமிழ்லே சொல்ல வேண்டாம். இங்கிலீஷ்லே சொன்னா தோஷம் இல்லைன்னு தீர்மானம் போட்டாச்சு."

என்ன அருமையான தீர்ப்பு! சாஸ்திரத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் காட்டுவார்களா என்ன? வேதாவுக்கு வேலை கிடைத்தது, எனக்கு அது போதும்.

வேதா உள்ளே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். மடியில் இருந்தாள். "மன்னி, மடி!" என்றாள். "போடி" என்றேன். இரண்டு பேரும் அழுதோம்.

ராயர் மட்டும் கிளம்பவில்லை. அகத்துக்காரர் பக்கத்தில் நகர்ந்து, குரலைத் தணித்துக்கொண்டு, "அது சரி, ஐயங்காரே… மத்ததெல்லாம் எப்படி?" என்றார்.

"எது?"

"மத்த பழமொழியெல்லாம். அடுத்த வாரம் ஒரு வழியனுப்பு விழா இருக்கு. நான் பேசணும். பாகற்காய் வர்றது ஒண்ணு இருக்கே, அதுவாவது நெஜமா?"

தோல் அட்டைப் புஸ்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த இரண்டு பெரிய மனிதர்களும் மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். நடுநடுவே "சிவ சிவா!" என்று ஒரு குரல், "ராம ராமா!" என்று ஒரு குரல். சிவ சிவா என்றது வைஷ்ணவர். அவ்வளவு அதிர்ச்சி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேதாவை நஞ்சன்கூடு ரயிலில் ஏற்றிவிடப் போனோம். ஸ்கூல் கொல்லையிலேயே அவளுக்கு ஒரு அறை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். அகத்துக்காரர் புஸ்தகத்தை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். துணியைப் பிரித்தார். தோல் அட்டையை அப்படியே அவள் கையில் கொடுத்தார். அவளும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணா, வழியில படிச்சுப்பேன். ஆனா ஒண்ணு மட்டும் உன் வாயால கேக்கணும். சாக்குல பூசணிக்காய்னியே, நெஜமா என்ன?"

அவர் இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். பிளாட்பாரத்தில் தெரிந்த முகம் நாலு இருந்தது. எஞ்சின் கூவ ஆரம்பித்தது. இதுதான் சமயம் என்று ஜன்னலில் தலையை நீட்டினார். அவர் வாயைத் திறந்த அந்த நேரம் பார்த்துக் கூவல் நின்றுவிட்டது.

"பன்னி!"

இளநீர்க்காரன் திரும்பிப் பார்த்தான். ஸ்டேஷன் மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். திருமண் இட்ட பெரிய மனிதர் ஒருவர் புறப்படுகிற ரயிலைப் பார்த்து ஏன் இப்படி வைகிறார் என்று யாருக்கும் புரியவில்லை. வேதா சிரித்தாள். அவள் எங்கள் அகத்துக்கு வந்த பிறகு வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். ரயில் வளைவு திரும்புகிற வரைக்கும் அந்தச் சிரிப்பு கேட்டுக்கொண்டே இருந்தது.

அகத்துக்காரர் வீட்டுக்கு வந்து, யாரும் சொல்லாமல், குளித்தார்.

பெரிய மைத்துனர் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? சொன்னபடி வெள்ளிக்கிழமை வந்தார், விஷயத்தைக் கேட்டார், குதித்தார், என் சமையலைச் சாப்பிட்டார், உப்பு கம்மி என்றார், தனியாகத் திரும்பிப் போனார். வைரமுடிக்கு அவருக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லையாம். நேற்று மறுபடியும் கார்டு வந்திருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த நல்ல சமையல்காரி யாராவது இருந்தால் எழுதுங்கள். ஒரே ஒரு நிபந்தனை — இங்கிலீஷ் தெரிந்திருக்கக் கூடாதாம்.